நான் நிரப்பிய வட்டங்கள்

பி.எட். இரண்டாம் ஆண்டில் எங்கள் கல்லூரியிலிருந்து எல்லோரையும் கள ஆய்வாளர்களாக அனுப்பினார்கள். பெயர்தான் பெரியது, வேலை ஒரே ஒரு நாள். மாவட்டம் முழுக்க மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்று அடைவுத் தேர்வு, யாருக்கு எவ்வளவு படிக்க வருகிறது என்று பார்க்க. பள்ளி ஆசிரியரே நடத்தினால் விடையைச் சொல்லிக் கொடுத்துவிடுவார் என்று வெளியாள் கேட்டிருந்தார்கள். அந்த வெளியாள்கள் நாங்கள்.

கேள்வியை நாங்கள் வாசிக்க வேண்டும். பிள்ளைகள் கேள்வித்தாளிலேயே சரியான விடையைச் சுற்றி வட்டம் போடுவார்கள். அதைப் பார்த்து நாங்கள் ஓ.எம்.ஆர். தாளில் இருக்கும் சின்னச் சின்ன வட்டங்களைக் கறுப்புப் பேனாவால் நிரப்ப வேண்டும். கேள்வித்தாள் பள்ளியிலேயே தங்கிவிடும். ஓ.எம்.ஆர். தாள் மட்டும் மலையடிவாரத்தில் இருந்த வட்டார வள மையத்துக்கு வரும். அங்கிருந்து ஸ்கேனுக்குப் போகும், மதிப்பெண்ணாகும், பிறகு நிறமாகும். நன்றாகச் செய்த பள்ளிக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு.

பயிற்சி வகுப்பில் மையத்து ஒருங்கிணைப்பாளர் பேசினார். எந்தப் பள்ளியில் எது வரவில்லை என்று தெரிந்தால்தான் அங்கே ஆள் அனுப்ப முடியும், சிவப்பு என்றால் அவமானம் இல்லை, சிவப்பு என்றால் உதவி வரும் என்றார். நான் அதை அப்படியே நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வந்தது. அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் வீடு கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில். அப்பா மூட்டை தூக்குகிறார், அம்மா சித்தாள். கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு எங்கள் தெருப் பெயரைச் சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். பாவப்படுகிறார்களா, விலகுகிறார்களா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நான் செய்த காரியத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

எனக்குக் கிடைத்தது மலை மேல் இருக்கும் கரியாலூரைத் தாண்டி, பஸ் போகாத ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளி. கள்ளக்குறிச்சியில் முதல் பஸ் பிடித்துக் கரியாலூரில் இறங்கினேன். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் பைக்கோடு காத்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மலைக்குக் கீழே இருந்து வந்த கீழ்நாட்டுக்காரர். வார நாட்களில் கரியாலூரில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" பைக்கை உதைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னும் இல்ல சார்."

"ஆவறதுக்குள்ள வேல வாங்கிடுங்க. மலையில மட்டும் வாங்கிடாதீங்க. அப்புறம் பொண்ணு குடுக்க மாட்டானுங்க."

சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் பள்ளி. இரண்டு அறை. ஒன்றின் கூரை ஒழுகுவதால் ஐந்து வகுப்பும் மற்றதில். கரும்பலகையில் மேலிருந்து கீழாக நான்கு கோடு கிழித்து ஐந்து பாகமாக்கியிருந்தார். ஒரு பாகத்தில் 'அ', கடைசிப் பாகத்தில் பின்னக் கணக்கு. மூன்றாவது பாகம் காலியாக இருந்தது. விதிப்படி அது ஈராசிரியர் பள்ளி. இரண்டாவது ஆள் மாற்றல் வாங்கிப் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

"பாருங்க தம்பி. ஒண்ணாவதுக்கு எழுதிப் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள அஞ்சாவது அடிச்சிக்கினு உருளுது. அஞ்சாவத அதட்டிக்கினு இருக்கறப்ப ஒண்ணாவது வூட்டுக்கு ஓடிடுது. மூணாவது நடுவுல மாட்டிக்கிச்சு. சத்தம் போடாத புள்ளைங்க. அதனாலயே நான் திரும்பிப் பாக்கறதில்ல. இத நானே சொல்றேன், எழுதிக்கோங்க."

நான் எழுதவில்லை. அவரே தொடர்ந்தார்.

"உள்ளது உள்ளபடி எடுத்துக்கினு போங்க. செவப்பு வரட்டும். மூணு வருசமா கேட்டுக்கினு இருக்கேன், இன்னொரு ஆளு குடுங்கன்னு. டேட்டா வரட்டும் சார், டேட்டா வரட்டும் சார்ன்றாங்க. இதோ டேட்டா, மூக்கு ஒழுக்கிக்கினு ஒக்காந்துகினு இருக்குது."

மூன்றாம் வகுப்பில் பதினோரு பேர். தரையில் இடைவெளி விட்டு உட்கார வைத்தேன். கேள்வித்தாளில் முதல் பத்தி ஒரு ரயில் நிலையத்தைப் பற்றியது. நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். பிளாட்பாரம் என்றால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டது. விளக்கம் சொல்லக்கூடாது என்பது விதி. சொல்லவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பதினோரு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தைப் பார்த்துச் சொல்லும் கேள்விகளுக்கு மட்டும் அங்கங்கே வட்டம் விழுந்தது. படிக்க வேண்டிய கேள்வி வந்ததும் கைகள் நின்றுவிட்டன.

சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் எழுந்து வந்து பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"இது எனக்கு வராதுங்க சார். நீங்களே போட்டுக்குங்க."

தலைமையாசிரியர் வாசலில் நின்று சிரித்தார். "பாத்தீங்களா? என் ஸ்கூல்லயே வெவரமானவ இவதான்."

பிள்ளைகள் சத்துணவுக்குப் போன பிறகு உட்கார்ந்து ஓ.எம்.ஆர். தாள்களை நிரப்பினேன். அவர்கள் போட்ட வட்டத்தை மட்டும் நிரப்பினேன். போடாததை விட்டேன். பதினோரு தாளிலும் பெரும்பகுதி வெள்ளையாக இருந்தது. கேள்வித்தாள்களைக் கட்டி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "கண்டிப்பா உங்களுக்கு ஆள் வரும் சார்" என்றேன். நான் யார் அதைச் சொல்வதற்கு? ஆனாலும் சொன்னேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

நான்கு மணிக்கு மையத்துக்கு வந்து சேர்ந்தேன். ஒருங்கிணைப்பாளர் என் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னாப்பா இது, கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி வெறும் வட்டமா இருக்குது?"

"பிள்ளைங்க போடல சார். தெரியலன்னா விட்டுடலாம்னு டிரெய்னிங்ல..."

"டிரெய்னிங்ல ஆயிரம் சொல்லுவாங்க. இவ்ளோ காலியா இருந்தா மெஷின் துப்பிடும். துப்புனா அந்தத் தாளு யாரு தலையில வந்து வுழும்? என் தலையில. போ, போய் ஒக்காந்து நெரப்பு."

"இன்னாத்த சார் நெரப்பறது?"

"எதையாச்சும் நெரப்பு. காலியா இருக்கக்கூடாது, அவ்ளோதான்."

மெஷின் துப்பாது. ஸ்கேனாகி வந்த பட்டியலைப் பிறகு நானே அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலி வட்டத்தைக் காலி என்று எண்ணிக்கொள்ள அதற்குத் தெரியும். பட்டியலில் அதற்கென்று தனிக் கட்டமே இருந்தது. எப்போதோ ஒரு வருடம் யாரோ ஒருவர் கொண்டுவந்த தாள்கள் திரும்பி வந்திருக்கின்றன. மடங்கியிருந்ததாலோ, ஈரமாக இருந்ததாலோ. காலியாக இருந்ததால்தான் திரும்பியது என்று ஒருவர் சொல்ல, மற்றவர் நம்ப, அதுவே அந்த அலுவலகத்தின் வேலை முறை ஆகிவிட்டது. விதிப் புத்தகம் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

கூடத்தில் தரையில் உட்கார்ந்து எல்லோரும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி மெயின் ரோட்டு ஓரத்தில் இருக்கும் ஒரு கீழ்நாட்டுப் பள்ளிக்குப் போய் வந்திருந்தாள். அவள் கேள்வி எதையும் பார்க்கவில்லை. காலியாக இருந்த இடத்திலெல்லாம், அ, ஆ, இ, ஈ என்ற நான்கு விடைகளில் 'இ', 'இ', 'இ' என்று வரிசையாகக் கறுப்படித்துக்கொண்டு போனாள். எனக்குப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டக் கொடுத்த கேள்வித்தாள் பையிலேயே இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"டேய், இன்னாத்துக்குக் கேள்வியப் பாத்துக்கினு நெரப்பற?"

"சும்மாதான்."

"எரும, கண்ண மூடிக்கினு போடுடா. உன்னையா பெயிலாக்கப் போறாங்க?"

"தெரிஞ்சிக்கினே தப்பாப் போட வரல."

அவள் பக்கத்தில் இருந்தவளைத் தட்டிக் கூப்பிட்டு, "இங்க பாருடி, அய்யா மூணாங் கிளாஸ் பரிட்ச எழுதறாரு" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சரியான விடையைத் தேடித் தேடி நிரப்பினேன்.

எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் விடைத்தாளில் இன்ட்டு மார்க் தெரியும். தாளை வாங்கி வந்தால் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்து, ஒவ்வொரு இன்ட்டு மேலேயும் விரலை வைத்து, "இது இன்னா? இது இன்னா?" என்று கேட்பாள். மார்க் எவ்வளவு என்று அப்பா கேட்டதே இல்லை. "எவ்ளோ தப்பு?" என்றுதான் கேட்பார். மூட்டை தூக்கி வந்த உடம்போடு அப்படிக் கேட்பவருக்கு மூன்று தப்பு, நான்கு தப்பு என்று சொல்வது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். பதினாறு வருடம் அந்த இன்ட்டுக்குப் பயந்தே படித்தவன். தப்பு என்று தெரிந்த வட்டத்தின் மேல் பேனாவை வைத்தபோது விரல் அழுந்த மறுத்தது. பக்கத்து வட்டத்துக்குப் போனதும் தானாக ஓடியது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்தபோது தாள்கள் அழகாக இருந்தன. வட்டத்துக்கு வெளியே ஒரு பொட்டு மை இல்லை. அதைப் பார்த்து எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. ஒருங்கிணைப்பாளர் வாங்கிப் பார்த்து, "இப்பதான் தாளு மாதிரி இருக்குது" என்றார். அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன். தலைமையாசிரியர் சொன்னது எதுவும் அப்போது நினைவில் இல்லை. இதை எழுதும்போது எனக்கு என் மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

ஒரு மாதம் கழித்து அதே ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டனுப்பினார். நான் தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சம்பளம் இல்லை, அனுபவச் சான்று தருவதாகச் சொன்னார். போனேன். ஆய்வுக் கூட்டத்துக்கான பட்டியலை அடிப்பதுதான் வேலை. பள்ளிப் பெயர், ஆசிரியர் எண்ணிக்கை, மதிப்பெண், நிறம். மலைப் பள்ளிகள் வரிசையாகச் சிவப்பு, சிவப்பு, மஞ்சள், சிவப்பு. நடுவில் ஒரே ஒரு பச்சை. பெயரைப் படித்தேன். நான் போய் வந்த பள்ளி. மேசை மேல் இன்னொரு காகிதக் கோப்பு திறந்திருந்தது. வேறு பள்ளியிலிருந்து மாற்றுப் பணியில் ஆசிரியர் கேட்டிருந்த பள்ளிகளின் பட்டியல். அந்தப் பள்ளிதான் அதில் முதல் பெயர். மூன்று வருடமாகக் கேட்டவர் அல்லவா. அந்த வரியின் மேல் பேனாவால் ஒரு கோடு கிழித்திருந்தது. ஓரத்தில், 'பச்சை, தேவையில்லை.'

அன்றே எழுந்து சொல்லியிருக்கலாம். கூட்டம் முடியட்டும் என்று நினைத்தேன். இப்படி நினைப்பதற்குக் காரணம் வேண்டுமா என்ன, பயம்தான்.

கூட்டத்தில் மடிக்கணினியை நான்தான் இயக்கினேன். மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். எல்லோரும் அவரை மேடம் என்றார்கள். கல்வி முன்னேற்றத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்த காலம் போய்விட்டது, இனி தரவு என்ன சொல்கிறதோ அதன்படிதான் என்று தொடங்கினார். மலைப் பள்ளிப் பட்டியல் திரையில் வந்ததும் பச்சையின் மேல் விரலைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஒரே ஆசிரியர். அஞ்சு வகுப்பு. பச்சை. யாரு இந்த ஸ்கூல் ஹெச்.எம்.?"

கடைசி வரிசையிலிருந்து அவர் எழுந்தார். மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"மேடம், என் புள்ளைங்களுக்கு எழுத்துக் கூட்டவே வராதுங்க. இதுல ஏதோ தப்பு நடந்துருக்குது" என்றார் அவர்.

அரங்கம் சிரித்தது. கைதட்டினார்கள். "எவ்ளோ அடக்கம் பாருங்க" என்று மேடமும் கைதட்டினார். அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டார்கள். சால்வையோடு அவர் அங்கேயே நின்றார். பிறகு கணினிப் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

மேடம் மற்ற ஓராசிரியர் பள்ளிக்காரர்களை எழுந்து நிற்கச் சொன்னார். ஐந்தாறு பேர் நின்றார்கள். "இவரால முடியுது. உங்களால ஏன் முடியல? ஆள் இல்ல, ஆள் இல்லன்னு எத்தனை நாளைக்குச் சொல்லிக்கிட்டு இருப்பீங்க?" என்றார். கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகும்போது அவர்களில் வயதான ஒருவர் நம் தலைமையாசிரியரின் சால்வை நுனியைப் பிடித்து, "இன்னா சார், மொத்தமா எல்லாருக்கும் சேத்து ஆப்பு வெச்சிட்டீங்களே" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மாற்றுப் பணி ஆசிரியர் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? என் தோழி 'இ' போட்ட பள்ளிக்கு. 'இ'யில் பெரும்பாலும் தப்பான விடை, அதனால் சிவப்பு. மெயின் ரோடு, வாசலில் பஸ், ஏற்கெனவே நான்கு ஆசிரியர்கள். விஷயம் தெரிந்து அவளே போன் செய்தாள்.

"டேய், நான் போட்ட இ-க்கு ஒரு வாத்தியாரே குடுத்துட்டாங்கடா! அந்த ஸ்கூல் வாசல்ல எனக்கு ஒரு செல வெக்கச் சொல்லு."

நான் என் பள்ளிக்கு ஆனதைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்தினாள். "கண்ண மூடிக்கினு போடுடான்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள். பிறகு, "யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காத, எல்லாரும் மாட்டிப்போம்" என்றாள்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் பச்ச நான் போட்டது. அன்னிக்குக் காலியா இருந்தத நெரப்பச் சொன்னீங்க இல்ல, அப்ப எல்லாத்தையும் சரியான விடையா நெரப்பிட்டேன்."

அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை. "யாருகிட்டனா சொன்னியா?"

"இல்ல சார். அந்த ஸ்கூலுக்கு ஆளு போவல சார். அதான்."

"இங்க பாரு. தாள்ல கையெழுத்து உன்னுது. எதையாச்சும் நெரப்புன்னு சொன்னேன், ஒத்துக்கறேன். சரியா நெரப்புன்னு சொன்னேனா?"

அவர் காகிதத்தில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன வருசம் மாவட்டத்துலயே கடைசின்னு என்ன நிக்க வெச்சிக் கேட்டாங்க. இந்த வருசம் ஒரு பச்சயாச்சும் இருக்குது. நல்லது செய்யறேன்னு கிளம்பாத தம்பி. மொதல்ல நீ படிச்சி முடி."

அவர் கெட்டவர் இல்லை. என் பி.எட். கட்டணத்துக்குத் தவணை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருக்கிறது. கெட்டவர் என்று ஒருவரைக்கூட அந்தக் கட்டடத்தில் காட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை மலைக்குப் போனேன். கரியாலூரிலிருந்து நடந்தே போய்ச் சேர்ந்தேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஐந்தாம் வகுப்புக்கு ஒரு கணக்குப் போட்டுவிட்டு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் மூக்கைத் துடைத்துவிட்டு வந்தார்.

"அப்போ நான் மேடையில நின்னப்பவே உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் பட்டன அமுக்கிக்கினு இருந்தீங்க."

"ஆமா சார்."

அவர் பீரோவைத் திறந்து தாள்கட்டு ஒன்றை எடுத்தார். அன்று பிள்ளைகள் எழுதிய கேள்வித்தாள்கள். பதினொன்று. புரட்டினால் வெள்ளை, வெள்ளை, அங்கங்கே ஒரு வட்டம். ஸ்வெட்டர் பெண் கடைசிப் பக்கத்தில் ஒரு மாடு வரைந்திருந்தாள்.

"இத எடுத்துக்கினு போலாம். மாவட்டத்துல காட்டலாம். நீங்க வந்து வாயால சொல்லணும். வருவீங்களா?"

"வர்றேன் சார்."

திங்கட்கிழமை கள்ளக்குறிச்சியில் அந்த மேடத்தின் அலுவலகத்தில் சந்தித்தோம். காலையில் உட்கார்ந்தோம், மூன்று மணிக்கு மேல் கூப்பிட்டார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை மேடம் குறுக்கே பேசவில்லை. ஒரு கேள்வித்தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். மாட்டுப் படத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பிறகு மூடி வைத்தார்.

"இது டேட்டா கிடையாதே சார்."

"அப்போ இது இன்னாங்க மேடம்?"

"இது கேள்வித்தாள். டேட்டான்னா ஓ.எம்.ஆர். அது மேல போயி லாக் ஆயிடுச்சு. ஒரு ஸ்கூலுக்குத் திருத்தினா நாளைக்கு எல்லா ஸ்கூலும் கட்டத் தூக்கிட்டு வருவாங்க."

"மேடம், புள்ளைங்களுக்குப் படிக்க வரல. நீங்களே வந்து ஒரு வரி படிக்கச் சொல்லிப் பாருங்க. ஒரே ஒரு வரிதான்."

"வரலாம். ஆனா நான் கேட்டுப் பாக்கறதும் டேட்டா ஆகாது." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே விளக்குகிறவர் முகம். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஆமா, இன்னிக்கு வேலை நாள்தானே. அங்க யார் இருக்காங்க?" என்றார்.

"யாரும் இல்லீங்க. பூட்டிட்டு வந்தேன்."

"பூட்டிட்டா?"

மேசை மேல் இருந்த தாளில் எதையோ குறித்துக்கொண்டார். நாங்கள் உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் ஒன்றை எழுதி நான் பார்த்தேன்.

நான் நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார்கள். நின்றுகொண்டே இருந்ததும் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். என் மேல் நடவடிக்கை வரும், படிப்பு போகும் என்று பயந்துகொண்டிருந்தேன். இன்றுவரை எதுவும் வரவில்லை. நடவடிக்கை எடுத்தால் தப்பு நடந்ததாக ஆகிவிடும். தப்பு நடந்ததாக ஆகிவிட்டால் பச்சை போய்விடும். அதனால் என் கடிதம் எங்கோ ஒரு கோப்பில் சுகமாகத் தூங்குகிறது. எனக்குப் பி.எட். முடிந்துவிட்டது. நல்ல மதிப்பெண். கள ஆய்வுப் பணிக்கென்று தனியாக ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள்.

அன்று பஸ் நிலையத்தில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லாமல் குடித்தார்.

"திட்டுங்க சார்" என்றேன்.

"திட்டி இன்னா ஆவப்போவுது? உங்களத் திட்டிக்கினு இருந்தா கரியாலூர் வண்டி போயிடும்." கேள்வித்தாள் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தவர் என் பக்கம் திரும்பவில்லை.

அவருக்குத்தான் மெமோ வந்தது. முன் அனுமதியின்றி வேலை நாளில் பள்ளியைப் பூட்டியதற்கு விளக்கம் கேட்டு. விட்டுவிட்டு வர இன்னொரு ஆசிரியர் இல்லை, அந்த ஆசிரியரைக் கேட்கத்தான் வந்தேன் என்று பதில் எழுதினார் என வள மையத்தில் கேள்விப்பட்டேன். எச்சரித்து விட்டுவிட்டார்களாம். இனிமேல் இப்படி நடந்தால் அந்தப் பச்சைப் பள்ளிக்கே கெட்ட பெயர் என்று வாயால் அறிவுரையும் சொன்னார்களாம்.

புது கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்கள் கழித்து அவருக்குப் போன் செய்தேன். கூப்பிட எனக்குத் தகுதி இல்லை என்று தெரியும். நான்கைந்து முறை எண்ணை எடுத்து வைத்துவிட்டு, ஒரு நாள் காலையில் அழுத்திவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"சார், நான்தான்."

"தெரியுது சொல்லுங்க தம்பி."

"ஆளு வந்தாங்களா சார்?"

"எங்க வர்றது? பச்ச ஸ்கூலாச்சே." பின்னால் யாரோ வாய்பாடு கத்திக்கொண்டிருந்தார்கள். "அந்தப் பதினோரு பேரும் நாலாவது போயிட்டாங்க. இந்த வருசம் அவுங்களுக்குப் பரிட்ச கெடையாது. மூணாவதுக்குத்தான். ரெண்டாவதுலருந்து புதுசா எட்டுப் பேரு வந்துருக்கு மூணாவதுக்கு. நாலாவது பொஸ்தகம் எடுத்துக் குடுத்தா முழிக்குதுங்க. ஒண்ணாவது பொஸ்தகத்தையே திரும்ப வெச்சிக்கினு நடத்தலாம்னு பாக்கறேன். ஆனா எப்ப நடத்தறது, சாயந்திரம் நிக்க வெச்சா இருட்டறதுக்குள்ள அதுங்க வூடு போய்ச் சேரணும். கொல்லையெல்லாம் தாண்டிப் போவணும். அதான் மத்தியானத்துல ஒரு அரமணி நேரம்... டேய், எறங்குடா! ஜன்னல் மேல ஏறிக்கினு இன்னாடா பண்ற? இருங்க தம்பி, ஒரு நிமிசம்."

போனை மேசை மேல் வைத்த சத்தம் கேட்டது. அவருடைய குரல் தூரமாகப் போய் யாரையோ அதட்டியது. ஒரு குழந்தை அழுதது. பெஞ்சு இழுபட்டது. வேறு ஒரு மூலையில் சிரிப்பு. அவர் அங்கே ஓடினார். வாய்பாடு ஒன்பதாவது வரியில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. நான் காதில் வைத்தபடியே இருந்தேன். அவர் திரும்பி வரவில்லை. மலையில் சிக்னல் போய்த் தானாகவே துண்டிக்கும்வரை அந்த ஐந்து வகுப்பையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.